காசிச் சத்திரத்தின் கதவும் நம் கடை வாசலும்

மார்க்கம் சொல்லி வளர்க்கப்பட்ட பிள்ளை கஞ்சப் பிள்ளை ஆகுமாம்! கடவுளே இல்லை என்று சொல்லும் வீட்டில் வளர்ந்த பிள்ளைதான் கை நிறைய அள்ளிக் கொடுக்குமாம்!

கொடுமுடி இரயில் நிலையத்துக்குப் பக்கத்து டீக்கடையில் ஒரு மாலை நேரம் இந்தப் பேச்சு நம் காதில் விழுந்தது. சொன்னவர் ஈரோட்டில் படிக்கும் கல்லூரி மாணவர். நல்ல பையன். வம்புக்காகப் பேசுகிறவர் அல்ல. "பாய், தப்பா எடுத்துக்காதீங்க. மதம் சொல்லி வளர்த்த பிள்ளைகதான் ரொம்பச் சுயநலமா இருக்குதாம். வெளிநாட்டுல ஆராய்ச்சி பண்ணியே சொல்லிட்டாங்களாமுங்க. அதனாலதான் உங்க ஜகாத், அவங்க கோயில் அன்னதானம், சர்ச் ஆஸ்பத்திரி எதுவும் வேண்டாம், மதம் இல்லாத தர்மம்தான் சுத்தமான தர்மம்னு நாங்க சொல்றோம்" என்றார்.

பக்கத்தில் அமர்ந்திருந்த நம் வியாபாரச் சகோதரர் ஒருவருக்குக் கோபம் வந்துவிட்டது. "எங்க ஆளுக ரமளான்ல கொடுக்குறதை நீ பார்த்திருக்கியா?" என்று எகிறினார். கோபம் பதிலாகாது சகோதரரே! பையன் ஆராய்ச்சி என்றார். நாம் ஆராய்ச்சியைத்தான் பார்க்க வேண்டும். ரமளானில் நாம் கொடுப்பதையும் பார்க்க வேண்டும். இரண்டையும் பார்த்தால் முதலில் வெட்கப்பட வேண்டியவர் அந்தப் பையன். அடுத்து வெட்கப்பட வேண்டியவர்கள் நாம்.

எண்ணைக் கூட்டிய கதை

அந்த ஆராய்ச்சி உண்மையில் நடந்ததுதான். 2015ஆம் ஆண்டு நவம்பரில் 'கரண்ட் பயாலஜி' என்ற அறிவியல் இதழில் வெளிவந்தது. தலைமை தாங்கியவர் சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜான் டெசெட்டி. அமெரிக்கா, கனடா, சீனா, ஜோர்டான், துருக்கி, தென்னாப்பிரிக்கா ஆகிய ஆறு நாடுகளில் 5 வயது முதல் 12 வயது வரையுள்ள 1,170 பிள்ளைகளிடம் சோதனை செய்தார்கள். ஒவ்வொரு பிள்ளையின் முன்னும் 30 ஸ்டிக்கர்களைப் பரப்பி, பிடித்த பத்தை எடுத்துக் கொள்ளச் சொன்னார்கள். "பள்ளியில் எல்லாப் பிள்ளைகளுக்கும் கொடுக்க எங்களிடம் நேரமில்லை, நீ வேண்டுமானால் உன்னுடையதில் கொஞ்சம் அவர்களுக்கு வைக்கலாம்" என்றார்கள். எத்தனை வைத்தது என்று எண்ணினார்கள். சோதனைக்கு உட்பட்டவர்களில் நூற்றுக்கு நாற்பதுக்கு மேல் முஸ்லிம் வீட்டுப் பிள்ளைகள் என்பதைக் குறித்துக் கொள்ளுங்கள். முடிவு: மத வீட்டுப் பிள்ளை குறைவாகக் கொடுக்கிறது!

உலகப் பத்திரிகைகள் கொண்டாடின. கொண்டாடாமல் இருப்பார்களா? முஸ்லிம் பிள்ளையைக் குறை சொல்ல ஒரு வாய்ப்பு கிடைத்தால் விடுவார்களா?

பின்னால் நடந்ததைத்தான் பத்திரிகைகள் அதே சத்தத்தில் சொல்லவில்லை. அஸீம் ஷரீஃப் என்ற உளவியல் அறிஞரும் அவருடைய துணைவர்களும் மூலக் கணக்கை வாங்கிப் பார்த்தார்கள். கணக்கு எழுதுவதற்கு வசதியாக ஒவ்வொரு நாட்டுக்கும் ஓர் எண் கொடுத்திருந்தார்கள். ஒரு நாட்டுக்கு 1, அடுத்த நாட்டுக்கு 2 என்று. அது வெறும் அடையாள எண். அதை ஏதோ எடை போலவும் அளவு போலவும் நினைத்துக் கணக்கில் சேர்த்துவிட்டார்கள்! நம் வியாபாரிகளுக்குப் புரியும்படி சொன்னால், சரக்கு போன ஊரின் அஞ்சல் குறியீட்டு எண்ணைப் பேரேட்டில் ரூபாய்க் கலத்தில் எழுதிக் கூட்டியது போல. திருத்திக் கூட்டியபோது, பிள்ளைகளுக்கு இடையில் தெரிந்த வேறுபாட்டில் பெரும்பகுதி மதத்தால் வந்ததல்ல, நாட்டுக்கு நாடு இருந்த வேறுபாட்டால் வந்தது என்று தெரிந்தது. இந்த மறுப்பு 2016இல் அதே இதழில் வெளிவந்தது. 2019 ஆகஸ்டில் எழுதியவர்களே தங்கள் கட்டுரையைத் திரும்பப் பெற்றுக் கொண்டார்கள்.

ஆக, கொடுமுடி டீக்கடை வரைக்கும் வந்து சேர்ந்த அந்த 'ஆராய்ச்சி', அதைச் செய்தவர்களாலேயே கைவிடப்பட்டது. பொய்க்குக் கால் முளைத்து ஊர் சுற்றுகிறது. திருத்தம் வீட்டை விட்டு வெளியே வரவில்லை.

இத்தோடு நிறுத்தினால் 'அல்ஹம்துலில்லாஹ், வென்றுவிட்டோம்' என்று எழுந்து போய்விடலாம். ஆனால் நியாயம் பேச வந்தவன் பாதியை மறைக்கக் கூடாது. திரும்பப் பெற்ற அறிவிப்பிலும் அவர்கள் ஒன்றைச் சொன்னார்கள். எந்த மதம் என்பதில் பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் வீட்டில் மதப் பற்று கூடக் கூடப் பிள்ளை பகிர்வது குறைகிற தொடர்பு திருத்திய கணக்கிலும் தெரிகிறது என்றார்கள். ஒரு முறை கணக்கில் தவறியவர்கள் சொல்வது என்று நாம் இதைத் தள்ளலாம். பத்து ஸ்டிக்கரை வைத்து ஒரு பிள்ளையின் மனதை அளக்க முடியுமா என்றும் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனாலும், திருத்திய கணக்கில்கூட 'மார்க்க வீட்டுப் பிள்ளை அள்ளிக் கொடுத்தது' என்று யாராலும் சொல்ல முடியவில்லையே, ஏன்? அஞ்சு வேளைத் தொழுகையும், ஜகாத் கடமையும், அண்டை வீட்டார் பசித்திருக்கத் தான் மட்டும் வயிறு நிறைய உண்பவர் இறைநம்பிக்கையாளர் அல்லர் என்ற நபிமொழியும் உள்ள வீட்டுப் பிள்ளை, எத்தனை ஸ்டிக்கர் வைத்தாலும் மற்றவர்களைவிட இரண்டு கூட வைத்திருக்க வேண்டாமா?

ஈரோட்டுப் பிள்ளை காசியில் கண்டது

மத வளர்ப்பின் விளைவு என்ன என்று கேட்பவர்கள் சிகாகோவுக்குப் போக வேண்டியதில்லை. கொடுமுடியில் இரயில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் ஈரோடு.

1879இல் அந்த ஊரில் வெங்கட்ட நாயக்கர் என்ற பெரும் வியாபாரியின் வீட்டில் ஒரு பிள்ளை பிறந்தது. வீடு நிறையப் பக்தி. பாகவதர்களும் பண்டிதர்களும் சாமியார்களும் வந்து போய்க் கொண்டே இருப்பார்கள். வந்தவர்களுக்குச் சாப்பாடு, தட்சிணை, மரியாதை எதற்கும் குறைவில்லை. கதை கேட்டு வளர்ந்த அந்தப் பிள்ளை, கதை சொன்னவர்களையே கேள்வி கேட்டது. அவர்தான் பின்னாளில் தந்தை பெரியார் என்று அறியப்பட்ட ஈ.வெ.ராமசாமி.

1904இல் தகப்பனாரோடு மனம் கசந்து, வீட்டை விட்டுக் காசிக்குப் போனார். கையில் காசு இல்லை. அங்கே சத்திரங்களில் இலவசச் சாப்பாடு உண்டு, ஆனால் பிராமணர்களுக்கு மட்டும்! பல நாள் பசி. பூணூல் போட்டுக் கொண்டு நுழையப் பார்த்தார். மீசை காட்டிக் கொடுத்துவிட்டது. காவல்காரன் பிடித்து வெளியே தள்ளினான். தெருவில் எறியப்பட்ட எச்சில் இலையில் மிச்சமிருந்ததை நாய்களோடு போட்டியிட்டு உண்டார் என்று அவர் வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். சாப்பிட்டு நிமிர்ந்தபோது சத்திரத்தின் சுவரில் ஓர் எழுத்து கண்ணில் பட்டதாம். அந்தச் சத்திரத்தைக் கட்டிக் கொடுத்தவர் தமிழ்நாட்டுப் பணக்கார வியாபாரி ஒருவர். பிராமணர் அல்லாதவர்!

சகோதரர்களே, இதைக் கொஞ்சம் நின்று யோசியுங்கள். பணம் கொடுத்தவர் வியாபாரி. வியர்வை சிந்தியதோ, வட்டிக்கு விட்டதோ, எப்படியோ சம்பாதித்த பணம். புண்ணியத்துக்கென்று கொடுத்தார். கொடுத்துவிட்டு ஊர் திரும்பிவிட்டார். கதவில் யார் நிற்கிறார்கள், யாரை உள்ளே விடுகிறார்கள், யாரைத் தள்ளுகிறார்கள் என்று அவர் கேட்கவே இல்லை. அவருடைய சொந்த இனத்தைச் சேர்ந்த பிள்ளை, அவருடைய தர்மத்தின் வாசலில் எச்சில் இலை பொறுக்கியது!

கேள்வி கேட்கும் குணம் அவருக்குச் சிறு வயதிலேயே இருந்தது. அதை மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கேள்விக்கு நெருப்பு வைத்தது எந்தத் தத்துவப் புத்தகமும் அல்ல. ஒரு தர்மச் சத்திரத்தின் கதவு! மத வளர்ப்பு ஒரு பிள்ளையைக் கெடுத்தது என்று பகுத்தறிவு நண்பர்கள் சொன்னால், மத வளர்ப்பு சொன்ன தர்மத்தை அந்த மதத்தின் வாசலே பொய்யாக்கியது என்று நாம் சொல்கிறோம். வீட்டில் ஒன்றைக் கேட்டு, வெளியில் வேறொன்றைக் காணும் பிள்ளை, கேட்டதைத்தான் வெறுக்கும்.

(அதே பெரியார்தான் 1947இல் திருச்சியில், இன இழிவு நீங்க இஸ்லாத்தைச் சுட்டிக் காட்டிப் பேசினார். நம் மேடைகளில் இதை ஆயிரம் முறை சொல்லிக் கை தட்டுகிறோம். காசியில் அவர் பட்ட பசியை ஒரு முறையாவது சொல்லியிருக்கிறோமா?)

'மதம் இல்லாத தர்மம்' எங்கே இருக்கிறது?

மதச் சத்திரம் கதவை அடைத்தது, ஆகவே மதமில்லாத சத்திரம் கட்டுவோம் என்பது நம் மாணவ நண்பரின் வாதம். கட்டட்டும், மறுக்கவில்லை. ஆனால் கோடு அவ்வளவு நேராக ஓடவில்லை.

கோவை பீளமேட்டைப் பாருங்கள். பி.எஸ்.கோவிந்தசாமி நாயுடுவின் குடும்பச் சொத்தை 1926இல் பங்கிட்டார்கள். மகன்கள் நான்கு பேர். பங்கு ஐந்து. ஐந்தாவது பங்கு தர்மத்துக்கு! அதிலிருந்து எழுந்ததுதான் பி.எஸ்.ஜி. அறநிலையம், தொழிற்கல்வி, பொறியியல் கல்லூரி, மருத்துவக் கல்லூரி, மருத்துவமனை எல்லாம். தர்மத்தையும் ஒரு மகனாக எண்ணிப் பங்கு கொடுத்த அந்தக் குடும்பம் நாத்திகக் குடும்பம் அல்ல. அங்கே படித்தவர்களில் நம் பிள்ளைகளும் உண்டு, சிகிச்சை பெற்றவர்களில் நம் தாய்மார்களும் உண்டு. இதை மதத் தர்மம் என்பதா, மதமில்லாத் தர்மம் என்பதா?

மதுரையில் 1976இல் பதினொரு படுக்கையோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனைக்கு, அதைத் தொடங்கிய டாக்டர் கோ.வெங்கடசாமி தம் ஆன்மீக வழிகாட்டியின் பெயரையே வைத்தார். அங்கே கண்புரை எடுக்க வரும் கிழவரிடம் யாரும் மதம் கேட்பதில்லை. ஊக்கம் மதத்திலிருந்து வந்தது, கதவு எல்லோருக்கும் திறந்தது.

மறுபக்கமும் இருக்கிறது. 2004 டிசம்பர் சுனாமிக்குப் பிறகு நாகை மாவட்டத்தில் நிவாரண முகாம்களில் தலித் மக்கள் ஒதுக்கப்பட்டதை மனித உரிமை அமைப்புகள் பதிவு செய்தன. அங்கே வந்தது அரசுப் பணம், தொண்டு நிறுவனப் பணம். மதம் எதுவும் சொல்லவில்லை. ஆனாலும் வரிசையில் சாதி முன்னால் வந்து நின்றது. கதவில் 'மதச்சார்பற்றது' என்று பலகை மாட்டினால் மட்டும் போதாது என்பதற்கு இது ஒன்றே சாட்சி.

கராச்சியில் ஒருவர் இருந்தார், அப்துல் சத்தார் எதி. (பாகிஸ்தான்காரர் பெயரை எழுதினால் நம்மைப் பார்த்து முறைப்பவர்கள் இருக்கிறார்கள். அவர் பிறந்தது 1928இல் நம் குஜராத்தின் பாந்த்வா கிராமத்தில் என்பதை அவர்களுக்குச் சொல்லிக் கொள்கிறோம்.) பள்ளிக்குப் போகும்போது அவருடைய தாய் தினமும் இரண்டு பைசா கொடுப்பாராம். ஒன்று உனக்கு, ஒன்று உன்னைவிட இல்லாதவனுக்கு. இரண்டையும் தானே செலவழித்துவிட்டு வந்தால் ஏச்சு விழும். மத வளர்ப்பு என்றால் இதுவல்லவா மத வளர்ப்பு!

அந்தப் பிள்ளை வளர்ந்து கராச்சியில் தம் மேமன் சமூகத்தார் நடத்திய மருந்தகத்தில் சேர்ந்தது. அங்கே மேமன்களுக்கு மட்டும் மருந்து என்றார்கள். எதி சண்டை போட்டு வெளியே வந்தார். 1951இல் சிறிய மருந்தகம் ஒன்றைத் தாமே தொடங்கினார். பின்னாளில் அவருடைய ஆம்புலன்ஸ் படை உலகப் புகழ் பெற்றது. வழி தவறி எல்லை தாண்டிப் போன, வாய் பேசாத நம் நாட்டுச் சிறுமி கீதாவை அவருடைய இல்லம்தான் ஆண்டுக்கணக்கில் வளர்த்தது. அவள் கும்பிட அவளுடைய சாமி படங்களைக்கூட எதியின் துணைவியார் பில்கீஸ் வாங்கிக் கொடுத்தார். 2015 அக்டோபரில் கீதா இந்தியா திரும்பினாள். நம் பிரதமர் ஒரு கோடி ரூபாய் நன்கொடை அறிவித்தார். எதி நன்றி சொல்லி மறுத்துவிட்டார்.

அவர் மார்க்கத்தை விட்டுவிட்டு இதைச் செய்யவில்லை. பசித்த ஏழைக்கும் அநாதைக்கும் கைதிக்கும் உணவளித்துவிட்டு, உங்களிடம் கூலியும் வேண்டாம், நன்றியும் வேண்டாம் என்று சொல்வோரைத் திருக்குர்ஆன் 76வது அத்தியாயம் போற்றுகிறதே, அதைத்தான் செய்தார். அந்த வசனம் இறங்கிய காலத்தில் முஸ்லிம்களிடம் கைதியாக இருந்தவன் யார்? முஸ்லிமா?

"உங்க ஜகாத்து எங்களுக்குக் கிடைக்குமா?"

மாணவ நண்பர் இதையும் கேட்டார். சுற்றி வளைக்காமல் பதில் சொல்வோம்.

ஜகாத்துக்கு எட்டு இனத்தாரைத் திருக்குர்ஆன் (9:60) வகுத்திருக்கிறது. உள்ளங்கள் ஈர்க்கப்பட வேண்டியவர்கள் என்ற இனம் நீங்கலாக, அது முஸ்லிம்களில் உள்ள ஏழைகளுக்கு என்பதுதான் பெரும்பாலான மார்க்க அறிஞர்களின் கருத்து. மறைக்க என்ன இருக்கிறது? செல்வந்தனிடம் ஆண்டுக்கு இரண்டரை சதவீதம் கட்டாயமாக வாங்கிச் சமுதாயத்தின் ஏழைக்குக் கொடுக்கும் ஏற்பாடு அது. ஆனால் ஜகாத்தோடு ஒரு முஸ்லிமின் கடமை முடிந்துவிட்டது என்று எந்த இமாம் சொன்னார்? ஸதகாவுக்கு எல்லையும் இல்லை, மதமும் இல்லை. அவர்களை நேர்வழியில் செலுத்துவது உம்மீது கடமையல்ல என்று தொடங்கும் 2:272 வசனமே, மாற்று மதத்து உறவினருக்குக் கொடுக்கலாமா என்று தயங்கியவர்கள் விஷயத்தில்தான் இறங்கியது என்று விரிவுரையாளர்கள் சொல்கிறார்கள். கலீஃபா உமர் (ரலி) பிச்சை எடுத்துக் கொண்டிருந்த முதிய யூதரைக் கண்டு, அவருக்கும் அவர் போன்றோருக்கும் பைத்துல்மாலிலிருந்து உதவ ஆணையிட்டதை இமாம் அபூயூசுஃப் தம் 'கிதாபுல் கராஜ்' நூலில் பதிவு செய்திருக்கிறார்.

சட்டம் போட்ட ஒரு கோட்டையும் வியாபாரிகள் தெரிந்து கொள்வது நல்லது. 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் மத அறக்கட்டளைக்கும் தர்ம அறக்கட்டளைக்கும் வேறுபாடு வைத்தது. 1962 ஏப்ரலுக்குப் பிறகு தொடங்கிய தர்ம அறக்கட்டளை, 'இன்ன மதத்தாருக்கு மட்டும்', 'இன்ன சாதியாருக்கு மட்டும்' என்று பத்திரத்தில் எழுதினால் அதன் வருமானத்துக்கு வரி விலக்கு இல்லை. 80ஜி சலுகையும் அப்படியே. நம்மில் பலர் ஆர்வக் கோளாறில் 'முஸ்லிம் ஏழை மாணவர்களுக்கு மட்டும்' என்று பத்திரம் எழுதிவிட்டு, ஆடிட்டர் சொன்ன பிறகு தலையில் கை வைக்கிறார்கள். பள்ளிவாசலுக்கு ஒரு பத்திரம், கல்விக்கும் வைத்தியத்துக்கும் எல்லா ஏழைகளுக்குமாக வேறு பத்திரம் என்று முதலிலேயே எழுதினால் சட்டமும் இடிக்காது, மார்க்கமும் இடிக்காது. திருச்சி ஜமால் முகமது கல்லூரியை 1951இல் தொடங்கிய ஜமால் முகமது சாகிபும் காஜாமியான் ராவுத்தரும் முஸ்லிம் பெயரில்தான் தொடங்கினார்கள். அங்கே படித்துப் பட்டம் பெற்ற இந்துப் பிள்ளைகளை யாரும் எண்ணி முடிக்க முடியாது. தென் கொங்கிலும் மேல் கொங்கிலும் கடை வைத்துச் செழித்த நம்மவர்கள், அப்படி ஒன்றைப் பற்றி எத்தனை கூட்டத்தில் பேசினோம்?

கதவை வெளியிலிருந்து அடைப்பவர்கள்

2013இல் திருத்தப்பட்ட வக்ஃப் சட்டம் 'எந்த ஒரு நபரும்' வக்ஃப் செய்யலாம் என்றது. 2025ஆம் ஆண்டுத் திருத்தம் அதை மாற்றி, குறைந்தது ஐந்து ஆண்டு இஸ்லாத்தைப் பின்பற்றுபவர் என்று காட்டினால்தான் வக்ஃப் செய்ய முடியும் என்றது. உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பர் 15 அன்று அந்த நிபந்தனையை, விதிகள் வகுக்கப்படும் வரை நிறுத்தி வைத்தது. நாகூரின் மிக உயர்ந்த மினாராவைக் கட்டிக் கொடுத்தவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப் சிங். (தர்கா குறித்து நம் கருத்து வேறு, அது இங்கே பேச்சல்ல.) அவரிடம் யாராவது ஐந்து வருடச் சான்றிதழ் கேட்டார்களா? 'மதம் கடந்து கொடுங்கள்' என்று நமக்குப் பாடம் நடத்துகிறவர்கள், மதம் கடந்து கொடுப்பதற்கே பூட்டுப் போடும் சட்டத்தைப் பற்றி வாய் திறக்கவில்லையே, ஏன்?

2020 மார்ச்சை ஈரோட்டுக்காரர்கள் மறக்கமாட்டார்கள். தாய்லாந்திலிருந்து வந்தவர்களுக்குத் தொற்று என்றதும் நம் தெருக்கள் அடைக்கப்பட்டன. நோய்க்கு மதம் ஒட்டி நாடு முழுவதும் தொலைக்காட்சிகள் கூச்சலிட்டன. அதே ஆண்டிலும் அடுத்த ஆண்டிலும், பெற்ற பிள்ளைகளே தொட அஞ்சிய உடல்களைத் தமிழகம் எங்கும் நம் இளைஞர்கள் கவச உடை போட்டுத் தூக்கினார்கள். முஸ்லிமை அடக்கம் செய்தார்கள், இந்துவின் உடலைச் சுடுகாட்டில் அவர்கள் முறைப்படி ஒப்படைத்தார்கள். இந்த இளைஞர்கள் எந்த வளர்ப்பில் வளர்ந்தவர்கள்? மக்தபில் அலிஃப், பே ஓதிய பிள்ளைகள்தானே! மதரஸாவில் அடைந்து கிடக்கும் சமுதாயம் என்பார்கள். பள்ளி வயது முஸ்லிம் பிள்ளைகளில் நூற்றுக்கு மூன்று நான்கு பேர்தான் முழுநேர மதரஸாவில் படிக்கிறார்கள் என்று 2006இல் நீதிபதி சச்சார் குழு சொன்னது.

இனி நம் வாசல்

வெளியாரைக் கேட்டது போதும். வியாபாரப் பெருமக்களே, காசிச் சத்திரத்தைக் கட்டிய அந்த வியாபாரியைக் குறை சொன்னோமே, நம் ஜகாத் எப்படிப் போகிறது?

ரமளான் பிறை இருபது தாண்டினால் கடை வாசலில் வரிசை. கைக்குழந்தையோடு தாய்மார்கள். ஒருவருக்கு ஐம்பது, ஒருவருக்கு நூறு. கல்லாவில் இருந்தபடியே நீட்டுகிறோம். முகத்தைக்கூடப் பார்ப்பதில்லை. அந்த நூறு ரூபாயில் எந்த விதவையின் கடன் தீர்ந்தது? எந்தப் பிள்ளையின் கல்லூரிக் கட்டணம் நிறைந்தது? அடுத்த ரமளானில் அதே தாய் அதே வாசலில் நிற்கிறாள் என்றால், நாம் கொடுத்தது அவளுடைய வறுமையைத் தீர்க்கவா, நம் கணக்கைத் தீர்க்கவா?

இதில் உயிரும் போகிறது. 2015 ஜூலையில் வங்கதேசத்தின் மைமன்சிங்கில் ஜகாத் துணி வாங்க விடியற்காலையில் கூடிய கூட்டம் நெரிசலில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பெரும்பாலும் பெண்கள். 2023 பிப்ரவரியில் நம் வாணியம்பாடியில் தைப்பூசத்துக்கு இலவசச் சேலை டோக்கன் வாங்க முண்டியடித்து நான்கு மூதாட்டிகள் மாண்டார்கள். அங்கே ஜகாத், இங்கே தைப்பூசம். ஏழையை வாசலில் வரிசையில் நிற்க வைத்துக் கொடுக்கும் ஆசை மதம் பார்ப்பதில்லை போலிருக்கிறது! கொடுத்ததைச் சொல்லிக் காட்டியும் புண்படுத்தியும் தர்மத்தைப் பாழாக்காதீர்கள் என்ற 2:264 வசனம் நம் பயான்களில் வருகிறது. வாசல் வரிசையைப் படம் எடுத்துப் போடும்போது மட்டும் நினைவுக்கு வருவதில்லை.

வக்ஃபை எடுத்துக் கொள்ளுங்கள். நாடெங்கும் பதிவான வக்ஃப் சொத்துக்கள் 4.9 லட்சம், நிலம் ஆறு லட்சம் ஏக்கர், சந்தை மதிப்பு 1.2 லட்சம் கோடி ரூபாய் என்று சச்சார் குழு கணக்கிட்டது. அன்றைக்கு ஆண்டு வருமானம் எவ்வளவு தெரியுமா? 163 கோடி! ஒழுங்காக நிர்வகித்தால் 12,000 கோடி கிடைக்கும் என்றது அந்தக் குழு. அரசு அலுவலகங்கள் பிடித்து வைத்திருக்கின்றன என்று போராடுகிறோம். போராட வேண்டியதுதான். ஆனால் பள்ளிவாசல் கடையில் தாத்தா காலத்து வாடகைக்கு உட்கார்ந்துகொண்டு, அதை உள்வாடகைக்கு விட்டுப் பத்து மடங்கு வாங்கும் நம் சகோதரரை யார் கேட்பது? அவரும் ஜும்ஆவுக்கு முதல் வரிசையில்தான் நிற்கிறார். அவருடைய பிள்ளை பக்கத்தில் நிற்கிறது. அந்தப் பிள்ளை என்ன கற்றுக் கொள்ளும்? தொழுபவர்களில் சிலரைக் கேடு என்று எச்சரித்துவிட்டு, அற்பப் பொருளைக்கூடக் கொடுக்காமல் தடுப்பவர்கள் என்று அவர்களை அடையாளம் காட்டும் மாஊன் அத்தியாயத்தை மக்தபில் மனப்பாடமாக ஓதுகிற பிள்ளை அது!

சிகாகோ பேராசிரியர் கணக்கில் தவறினார். நாம் எந்தக் கணக்கும் வைக்கவே இல்லை.

இளைஞர்களே, உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறோம். பெரியவர்கள் பழக்கத்தை விடமாட்டார்கள். ஊர் ஊராகப் பைத்துல்மாலைப் புதுப்பியுங்கள். வீடு வீடாகப் போய்ப் பட்டியல் எடுங்கள். கொடுத்தவன் பெயரும் வாங்கியவன் பெயரும் வேண்டாம். வந்த தொகை, போன தொகை, எதற்குப் போனது என்பதை மட்டும் பலகையில் எழுதி ஒட்டுங்கள். ஜகாத்துக்கு ஒரு கணக்கு, ஸதகாவுக்குத் தனிக் கணக்கு. ஸதகா கணக்கில் பக்கத்து வளவு கூலிக்காரரின் பிரசவச் செலவும் இருக்கட்டும், மஞ்சள் மண்டி மூட்டை தூக்குபவரின் மகளுக்குப் பரீட்சைக் கட்டணமும் இருக்கட்டும். மக்தபுக்கு வரும் பிள்ளையின் கையில் எதியின் தாய் கொடுத்தது போல இரண்டு காசு கொடுங்கள். ஒன்றை யாருக்குக் கொடுத்தாய் என்று சாயங்காலம் கேளுங்கள். மனப்பாடம் கேட்கிற ஹஜ்ரத்மார்கள் இதையும் கேட்டால் நல்லது.

டீக்கடையில் அந்த மாணவரிடம் ஸ்டிக்கர் ஆராய்ச்சி திரும்பப் பெறப்பட்ட கதையைச் சொன்னோம். நம்பவில்லை, கையிலிருந்த ஃபோனில் தேடிப் பார்த்தார். பார்த்துவிட்டு, "சரிங்க பாய், அது தப்புதான்" என்று ஒப்புக் கொண்டார். பிறகு, "உங்க பள்ளிவாசல் கணக்கை எங்க பார்க்கலாமுங்க?" என்றார். எகிறிய நம் சகோதரர் இப்போது ஒன்றும் பேசவில்லை. அடுத்த ஜும்ஆவுக்குள் வாசல் பலகையில் ஒட்டிவிடுகிறோம், வந்து பாருங்கள் தம்பி என்று நாமே சொல்லிவிட்டு வந்திருக்கிறோம்.